அடித்தண்ணி

பேச்சாயி கடைக் கொத்தமல்லி மாலை ஆறு மணிக்கும் தலை நிமிர்ந்து நிற்கும். திண்டுக்கல் மார்க்கெட்டில் கீரை வாங்குகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மற்றக் கடைகளில் மதியச் சாப்பாட்டு வேளைக்கே கட்டுகள் கழுத்தொடிந்து கிடக்கும். கடைக்காரர்கள் வாடிய தழையைக் கிள்ளி எறிந்து, உள்ளே இருப்பதை வெளியே திருப்பி, மறுபடி வாழைநாரால் கட்டிக்கொண்டிருப்பார்கள். பேச்சாயிக்கு அந்த வேலை கிடையாது. ஆறடிக் கடையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பாள்.

"எப்படிக்கா உங்க மல்லி மட்டும் நிக்குது?" என்று யாராவது கேட்டால், "நான் குந்தியிருக்கேன்ல, அது நிக்கிது" என்பாள்.

அந்தக் கடையின் மூலதனம் ஒரு தொட்டி. நீல டிரம் ஒன்றைக் குறுக்கே அறுத்ததில் பாதி. மறுபாதி பக்கத்துக் கடை மாலதியிடம் இருந்தது. மாறிப்போகாமல் இருக்க இரண்டிலும் வெள்ளைப் பெயிண்டால் பெயர் எழுதிவைத்திருந்தார்கள். விடிகாலையில் லோடு இறங்கியதும் கட்டுகளை வேரோடு தொட்டியில் முக்கி, மூன்று உதறு உதறி, ஈரச்சாக்கில் அடுக்க வேண்டும். வெயில் ஏற ஏற மறுபடி முக்கல், மறுபடி உதறல். ஆட்டுக்குச் சொல்வதுபோல இதற்கும் தண்ணி காட்டுவது என்றுதான் பெயர்.

இருபத்திரண்டு வருஷத்தில் பேச்சாயி அந்தத் தொட்டியை முழுக்கக் கவிழ்த்ததே இல்லை. மாமியார் தலைச்சுமையாகக் கீரை விற்ற காலத்து வழக்கம் அது. சாயங்காலம் தண்ணியைக் கொட்டும்போது அடியில் ஒரு செம்பு அளவு விட்டுவிட வேண்டும். தொட்டி காய்ந்தால் வியாபாரம் காய்ந்துவிடும். மறுநாள் புதுத்தண்ணி அந்த அடித்தண்ணியின் மேல்தான் விழ வேண்டும். தோசை மாவுக்குப் பழைய மாவில் ஒரு கரண்டி விட்டுவைப்பதில்லையா, அதுமாதிரி.

தொட்டிக்கு இன்னொரு ரகசியமும் உண்டு. பேச்சாயியின் புருஷன் பொம்மையன் வெங்காயக் கமிஷன் கடையில் மூட்டை தூக்கினவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் காலில் ஆணி ஏறியது. சர்க்கரை உடம்பு. புண் காய்வதும் பிளப்பதுமாக இருந்தது. டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால் பொம்மையன் நாலு நாளில் நிறுத்திவிடுவார். "புண்ணுதான் காஞ்சிருச்சே, இன்னும் என்னத்துக்கு வயித்தைப் புண்ணாக்க?" என்பார். மிச்சமாகிற கேப்சூல்களைப் பேச்சாயி ஒரு காப்பித்தூள் டப்பாவில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். தூக்கி எறிய மனசு வரவில்லை. அவள் பிறந்தது எரியோட்டுப் பக்கம், தோட்டக்காட்டில். அங்கே கோழிக்குக் கழிச்சல் கண்டால் இதேபோல ஒரு கேப்சூலைப் பிரித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டுவார்கள். கழுத்தைத் தொங்கப்போட்ட கோழி மறுநாள் எழுந்து கொத்தும். கோழியை எழுப்பியது கொத்தமல்லியை எழுப்பாதா?

ஒருநாள் இரண்டு கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் தூவிப் பார்த்தாள். அன்றைக்கு மல்லி நின்றது. மருந்தால் நின்றதா, மேகமூட்டத்தால் நின்றதா என்று யார் கண்டது? பேச்சாயி மருந்தின் கணக்கில் எழுதிக்கொண்டாள். டப்பா காலியானதும் மெடிக்கலில் வாங்கினாள். கண்ணுக்குத் தெரியாத அழுக்கையும் தன் கடை கழுவி அனுப்புகிறது என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையே இருந்தது.

போன வருஷம் பொம்மையனின் புண்ணுக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை. மூன்று விதமாக மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் இடதுகால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் வீட்டில்தான் இருக்கிறார். பேச்சாயியின் ஆறடிதான் அந்த வீட்டுக்கு உலை வைக்கிறது.

சித்திரை முடிந்த கையோடு அந்தப் பெண் வர ஆரம்பித்தாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை ஒன்பதுக்கு வருவாள். கையில் உறை மாட்டிக்கொண்டு ஒரு கட்டு மல்லி, ஒரு கட்டு புதினா எடுத்து, ஜிப் வைத்த பையில் போட்டு, மேலே ஏதோ எண் எழுதுவாள். பெயர் வினிதா. சின்னாளபட்டியிலிருந்து கல்லூரிக்குப் போய்வருகிறாள், நுண்ணுயிரியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம்.

"என்னத்தா, மல்லிக்கு ஆப்பரேசனா?" என்றாள் பேச்சாயி, உறை மாட்டிய கையைப் பார்த்து.

"இல்லக்கா. காய்கறி, கீரையில கிருமி இருக்கான்னு பாக்குறோம். பன்னெண்டு கடையில எடுக்குறேன். மருந்துக்கு அடங்குற கிருமியா, அடங்காததான்னு சோதிப்போம்."

"மத்த பதினொண்ணுலயும் தேடு. என் கடையில தேடாத, நேரம் வீணு. இங்கிட்டு வந்தா அது பொறந்த அன்னைக்கே செத்துரும்."

வினிதா சிரித்தாள். எப்படிச் சாகும் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சாயி அன்றைக்கே சொல்லியிருப்பாள். சொல்வதற்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டிருந்தது. தொழில் ரகசியம் என்று விழுங்கிக்கொண்டாள்.

புரட்டாசி பிறந்த நாலாம் நாள். ஊரில் பாதிப்பேர் கவிச்சியை விட்டுவிட்ட மாதம். கீரைக்கடைகளுக்கு அதுதான் அறுவடை. அன்றைக்குக் காலையில் எட்டரை மணிவரை ஒருத்தரும் வாங்கவில்லை. வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மாலதி கடைப்பக்கம் நகர்ந்தார்கள். மெஸ் வைத்திருக்கிற ஆனந்த்ராஜ் நாள்தோறும் இருபது கட்டு எடுப்பவர். அவரும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, மணி அடிக்காத போனில் பேசியபடி போனார்.

பேச்சாயி மாலதியைப் பார்த்தாள். "ஏன்டி, என் மூஞ்சியில கரியா இருக்கு?"

மாலதி நாளிதழை மடித்தபடியே நீட்டினாள். உள்பக்கத்தில் ஒரு செய்தி. மார்க்கெட் கீரைகளில் மருந்துக்கு அடங்காத கிருமி, கல்லூரி ஆய்வில் தகவல். பன்னிரண்டு கடைகளில் ஒன்பதில் கொஞ்சம் கொஞ்சம் இருந்ததாம். ஒரு கடையில் மட்டும் மிக அதிகமாம். கடைப்பெயர் எதுவும் இல்லை. பத்திரிகைக்காரர் மார்க்கெட்டுக்கு வந்து பொதுவாகப் படம் எடுத்திருந்தார். படத்தில் ஒரு நீலத் தொட்டி. அதில் வெள்ளை எழுத்து. ஓரத்தில் வெட்டியதில் முதல் எழுத்து மட்டும் வெளியே போய், 'ச்சாயி' என்று பளிச்சென்று தெரிந்தது.

"இம்புட்டு மார்க்கெட்டுல உன் தொட்டிதான் கெடைச்சுச்சா அந்தாளுக்கு!" என்றாள் மாலதி.

"மார்க்கெட்டுல அழகான தொட்டி அதுதான்" என்றாள் பேச்சாயி. சொன்னாளே தவிர, வெற்றிலை மடிக்கிற விரல் நின்றுவிட்டது.

மதியம் சங்கத் தலைவர் பொன்னுத்துரை வந்தார். கீரைக் கடைகளுக்கு இடம் ஒதுக்குவது, இடம் மாற்றுவது எல்லாம் அவர் சொல்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தாள்.

"இந்தாரு பேச்சாயி. ஆய்வெல்லாம் பொய், எங்க கடையில ஒண்ணும் கலக்குறதில்ல, எங்க கீரை சுத்தமானதுன்னு எழுதியிருக்கு. அந்தக் காலேசு புள்ளையை மார்க்கெட்டுக்குள்ள விடக்கூடாதுன்னும் இருக்கு. எல்லாரும் போடுறாக. மொதக் கையெழுத்து உன்னுதா இருக்கணும்."

"ஏண்ணே எனக்கு அம்புட்டு மருவாதி?"

"உன் தொட்டியாலதான இந்த வில்லங்கம்! சனிக்கிழமை ரெண்டரைக்குக் கூட்டம். அங்கன எல்லாருக்கும் முன்னாடி போடு, கடை உனக்கு. போடலையா, திங்கக்கிழமை இந்த எடத்துல வேற ஆளு உக்காரும். ஒருத்திக்காக நாப்பது கடை காயக் கூடாது."

பேச்சாயி தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் அந்த ஆய்வு பொய்யாகத்தான் தோன்றியது. கேப்சூல் போட்ட தண்ணியில் கிருமி எப்படி இருக்கும்? ஆனால் பொய் என்று எழுதுவது அவளுக்குப் போதவில்லை. பொய் என்று பிடித்துக்கொண்டு வந்து நடுமார்க்கெட்டில் நிறுத்த வேண்டும்.

"செத்த பொறுங்கண்ணே. அந்தப் புள்ளை பொய் சொல்லுச்சுன்னு நிரூபிச்சிட்டு வாரேன். அப்புறம் கையெழுத்து என்ன, பத்து வெரலையும் வைக்கிறேன்."

"நீ என்னத்த நிரூபிப்ப? உனக்கு ஏ பி சி டி தெரியுமா?"

"மல்லி தெரியும்."

மறுநாள் புதன்கிழமை. டவுன்பஸ் ஏறிக் கல்லூரி வாசலில் இறங்கினாள். செக்யூரிட்டி மறித்தார். யாரைப் பார்க்க வேண்டும், என்ன விஷயம் என்று நோட்டில் எழுதச் சொன்னார். "கிருமிக்காரி வந்திருக்கேன்னு சொல்லுங்க, அந்தப் புள்ளைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு கல்லூரி வேன் ஹாரன் அடித்துப் பார்த்து ஓய்ந்தது. பத்து நிமிஷத்தில் வெள்ளைக் கோட்டோடு வினிதா ஓடிவந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, சத்தியமா நான் யார் பேரையும் சொல்லல. உங்க கடை எனக்கு ஏழாம் நம்பர், அம்புட்டுத்தான். போட்டோ அவங்களா வந்து எடுத்தது."

"பேரு வந்தா வந்துட்டுப் போவுது. எனக்கு ஒரு கேள்வி. என் கடைக்கு மல்லி எங்கிட்டு இருந்து வருது?"

"தெரியலக்கா."

"ஒரே தோட்டம். ஒரே ஆட்டோ. அப்துல் ஹக்கீம் பாய் வண்டி. அதே லோடுதான் மாலதி கடைக்கும், இன்னும் ஆறு கடைக்கும் இறங்குது. என் கடையில மட்டும் எப்படி அதிகமாச்சு? ஆட்டோவுல வரும்போது அதுக்கு என் பேரு சொல்லிக் குடுத்தாகளா?"

வினிதா கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். நாலு மாதமாகக் கீரை மாதிரி எடுத்தவளுக்கு, அவளுடைய கைடுக்கு, முடிவைக் கேட்டுக் கருத்தரங்கில் கை தட்டியவர்களுக்கு யாருக்கும் தோன்றாத கேள்வி அது.

"அக்கா," என்றாள் மெதுவாக, "நாளைக்குக் காலையில ஆட்டோவுல இருந்து இறங்குன உடனே ஒரு கட்டு எடுக்கலாமா? தொட்டியில முக்குறதுக்கு முந்தி ஒண்ணு, முக்குன பிறகு ஒண்ணு, தொட்டித்தண்ணி கொஞ்சம்?"

"அதுக்குத்தான வந்தேன்! எந்திரிக்கக் கை குடு, கால் மரத்துப்போச்சு."

வியாழக்கிழமை ஐந்தரை மணிக்கு ஹக்கீம் பாயின் ஆட்டோ வந்தபோது வினிதா முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்தாள். பாய் தார்ப்பாயை விலக்கிக்கொண்டே கேட்டார், "என்ன தங்கச்சி, கீரைக்கு ரத்தப் பரிசோதனையா?"

"ஆமா பாய். உங்களுக்கும் எடுக்கச் சொல்லட்டா?"

"எனக்கு வேணாம்மா. எனக்குள்ள இருக்கிற கிருமியெல்லாம் என் பொஞ்சாதிக்குப் பயந்து அடங்கித்தான் இருக்கும்."

வினிதா மாலதி கடையிலும் ஒரு கட்டு வாங்கி, எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டே தோட்டத்தில் என்ன எரு என்று கேட்டாள். பண்ணைக் கோழி எருதான், லாரியில் வந்து கொட்டுகிறார்கள் என்றார் பாய். வினிதா அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு தொட்டித்தண்ணியைச் சின்னக் குப்பியில் மொண்டாள். பேச்சாயி பக்கத்தில் நின்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பார்த்தாள். அன்றைக்கு அவள் வழக்கத்துக்கு ஒன்று கூடுதலாகக் கேப்சூல் போட்டிருந்தாள். மூன்று.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மறுபடி கல்லூரி. இந்தமுறை செக்யூரிட்டி நோட்டை நீட்டவில்லை.

வினிதா ஒரு மேஜைமேல் வட்டமான சின்னத் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பனி படிந்த கண்ணாடி மாதிரி ஒரு வெண்மை. அதன்மேல் பொட்டுப்போல வெள்ளை வில்லைகள்.

"இந்த மங்கல்தான்க்கா கிருமி. ஒவ்வொரு பொட்டும் ஒவ்வொரு மருந்து. மருந்துக்கு அடங்குற கிருமின்னா பொட்டைச் சுத்தி வராது. கோலம் மாதிரி வட்டமா வெறுமை விழும்."

முதல் தட்டு ஆட்டோவிலிருந்து எடுத்த கட்டு. நாலு பொட்டுகளைச் சுற்றி நல்ல வட்டம். இரண்டைச் சுற்றி இல்லை. "இது தோட்டத்துல இருந்தே வருது. எருவுல இருந்தா, தண்ணியில இருந்தான்னு இனிமேதான் பாக்கணும்" என்றாள் வினிதா. மாலதி கடைத் தட்டில் மூன்று வட்டம்.

கடைசித் தட்டை அவள் நகர்த்தவில்லை. பேச்சாயியே இழுத்துப் பார்த்தாள். அதில் வட்டமே இல்லை. மங்கல் ஒவ்வொரு பொட்டின் விளிம்புவரைக்கும் வந்து, தோளோடு தோள் ஒட்டி நின்றது.

"இது என் தொட்டியா?"

"ஆமாக்கா."

வெளியே ஏதோ வகுப்பு விட்டு, மாணவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். பேச்சாயி அந்தத் தட்டையே பார்த்தாள். நிமிர்ந்து நிற்கிறது, என்று தோன்றியது அவளுக்கு. மாலை ஆறு மணிக்கும் நிற்கும்.

"இது எந்த மருந்துத்தா?" ஒரு பொட்டைக் காட்டினாள். வினிதா பெயரைச் சொன்னாள். அது அவள் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிற பெயர்தான்.

"அதை நான் தண்ணியில போடுறேன்" என்றாள் பேச்சாயி. "எட்டு வருசமா."

எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனின் மிச்ச மாத்திரை, கோழிக் கழிச்சல், அடியில் விடுகிற ஒரு செம்புத் தண்ணி. வினிதா எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்து விளக்க வாயெடுத்தபோது பேச்சாயி கையமர்த்தினாள்.

"இரு, நீ சொல்லாத. எங்க தோட்டத்துல புல்லுக்கு மருந்து அடிப்பாக. எல்லாப் புல்லும் செத்துரும், கோரை மட்டும் கெடக்கும். மறு வருசம் பாத்தா காடு முழுக்கக் கோரை. அம்புட்டுத்தான? நான் நோஞ்சானையெல்லாம் கொன்னுட்டு, முரடனை மட்டும் அடித்தண்ணியில பத்திரமா வச்சு வளத்திருக்கேன். தெனம் தண்ணி ஊத்தி."

வினிதா தலையசைத்தாள். "இதைத் தின்ன உடனே எல்லாருக்கும் நோய் வராதுக்கா. வேகவச்சா செத்தும்போகும். ஆனா மல்லியைப் பச்சையாத்தான தூவுறோம். உள்ள போயி இருந்துட்டு, வேற கிருமிகளுக்கும் இந்தத் தைரியத்தைக் குடுத்துரும்."

"எங்க வீட்டுக்காரர் வெரலை எடுத்தது இதாலயா?"

கேள்வி அப்படி நேராக வரும் என்று வினிதா எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். "தெரியாதுக்கா" என்றாள். "யாராலயும் சொல்ல முடியாது."

"அது போதும்" என்று எழுந்தாள் பேச்சாயி.

வீட்டில் பொம்மையன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கீரைக்கூட்டும் ரசமும் வைத்திருந்தார். விரல் போனபிறகு வெஞ்சனம் அவர் பொறுப்பு. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "போனது போச்சு. கையெழுத்தைப் போட்டுட்டு, இனிமே மருந்து போடாம வித்துக்க. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"உங்க வெரலுக்குத் தெரியுமுல்ல."

"அந்தப் புள்ளையே தெரியாதுன்னுதான சொல்லுச்சு."

"தெரியாதுன்னு சொல்ற தைரியம் அதுக்கு இருக்கு. நான் சுத்தம்னு எழுதிக் குடுக்கணுமாக்கும்!" சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த டப்பாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னொண்ணும் கேட்டுக்கங்க. இனிமே டாக்டர் பத்து நாளுன்னா பத்து நாளும் முழுங்கணும். மிச்சம் வச்சீங்கன்னா உங்களைத்தான் தொட்டியில முக்குவேன்."

பொம்மையன் காலை மடக்கிக்கொண்டார். "கடை போயிருச்சுன்னா?" என்று மட்டும் கேட்டார்.

அவள் செருப்பை மாட்டினாள்.

சங்க அலுவலகம் தகரக்கூரை. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, புழுக்கம். முப்பது பேருக்குமேல் இருந்தார்கள். பொன்னுத்துரை தாளை உரக்கப் படித்தார். "எங்கள் கடைகளில் எவ்விதப் பொருளும் கலக்கப்படுவதில்லை…" என்ற வரியில் சிலர் கை தட்டினார்கள். பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

பேச்சாயி மேஜைக்குப் போனாள். பேனாவை வாங்கவில்லை. இடுப்பிலிருந்த டப்பாவை எடுத்து மேஜைமேல் கவிழ்த்தாள். சிவப்பும் மஞ்சளுமாகக் கேப்சூல்கள் உருண்டு, தாள்மேல் பரவி, இரண்டு தரையில் விழுந்தன.

"நான் கலக்குறேன்" என்றாள். "எட்டு வருசமா கலக்குறேன். கிருமி சாகும்னு போட்டேன். அது என் தொட்டியிலயே படிச்சுப் பெரியாளாயிருச்சு. அந்தப் புள்ளை சொன்னது பொய்யில்ல. நான் கண்ணால பாத்தேன்."

முன்வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. பிறகு தகரமே அதிர்ந்தது.

"ஏய், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"இவ ஒருத்தி, நாப்பது அடுப்புல மண்ணள்ளிப் போட வந்திருக்கா பாரு!"

"மருந்து வச்சிட்டு மகராசி மாதிரி பேச்சைப் பாரு!"

"கத்துங்க" என்றாள் பேச்சாயி. "கத்தி முடிங்க, நான் இருக்கேன்."

அவள் நின்ற விதத்தில் சத்தம் மெல்லத் தணிந்தது. "தப்பு பண்ணுனேன். அதைச் சொல்ல எனக்கு வெக்கம் இல்ல, மறைக்கத்தான் வெக்கம். ஆனா என்னையப் பலி குடுத்துட்டு நீங்க எல்லாரும் கையைக் கழுவிக்கலாம்னு பாக்காதீங்க. ஆட்டோவுல வர்ற மல்லியிலயே அது இருக்கு. மூணு வட்டந்தான் மாலதி கடையில. மெடிக்கல்ல போயி, 'மல்லிக்குக் கேப்சூல் குடுங்க'ன்னு கேட்டுத்தான் வாங்குனேன். சீட்டு எங்கன்னு ஒருத்தன் கேக்கல. எத்தனை வேணும்னுதான் கேட்டான். நான் மட்டும் இல்ல. ஆனா நானும் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்."

பின்வரிசையில் மாலதி எழுந்தாள். பேச்சாயி முந்திக்கொண்டாள். "மாலதிக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ரெண்டு வருசம் முந்தி, அவ கேட்டா. அவளைக் கேக்காதீங்க, என்னையக் கேளுங்க."

பொன்னுத்துரை தாள்மேல் கிடந்த கேப்சூல்களைக் கையால் ஒதுக்கினார். "அப்ப கையெழுத்து?"

"அதுல 'கலக்கப்படுவதில்லை'ங்கிறதை அடிச்சுட்டு, 'இனிமே கலக்க மாட்டோம்'னு எழுதுங்க. மொதக் கையெழுத்து நான் போடுறேன்."

"அப்படி எழுதுனா மார்க்கெட்டு மூடிப்போகும்."

"அப்ப என் கையெழுத்து இல்ல."

"திங்கக்கிழமை உன் எடத்துல வேற ஆளு."

"வரச் சொல்லுங்க. நான் எந்திரிச்சாத்தான உக்காருவாக!"

அன்று மாலையே வினிதா சொன்னபடி தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறவிட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தேய்த்தாள், கழுவினாள். பிறகு இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழுந்தபோது கை ஒரு நொடி தயங்கத்தான் செய்தது. மாமியார் முகம் வந்து போனது. "கோவிச்சுக்காத அத்தை" என்று சொல்லிவிட்டு வெயிலில் இழுத்துப் போட்டாள்.

திங்கள் விடிகாலை ஐந்து மணிக்கெல்லாம் கவிழ்த்த தொட்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். 'பேச்சாயி' என்ற எழுத்து தலைகீழாக இருந்தது. ஈரத்தில்தான் கிருமி ஒரு கட்டிலிருந்து மறு கட்டுக்குப் பரவும் என்று வினிதா சொல்லியிருந்தாள்; இனி தண்ணி காட்டுவதே இல்லை. பக்கத்தில் ஓர் அட்டை, வினிதா எழுதிக் கொடுத்தது: 'இது தண்ணி காட்டாத கீரை. வாடும். நல்ல தண்ணியில் அலசி, வேகவைத்துச் சாப்பிடவும்.'

ஐந்தரைக்குப் புது ஆள் வந்தார். கண்ணன் என்று பெயர். இடம் கிடைத்த சந்தோஷத்தில் புதுத் தொட்டியோடு வந்திருந்தார். பின்னால் பொன்னுத்துரை.

"எந்திரி பேச்சாயி. மானத்தோட போ."

"மானம் இங்கனதான் இருக்குண்ணே. அதுமேலதான் குந்தியிருக்கேன்."

"ஆளை வச்சுத் தூக்கணுமா?"

"தூக்குங்க. ரெண்டு ஆளு பத்தாது, சொல்லிட்டேன்."

பொன்னுத்துரை சுற்றிலும் பார்த்தார். நாற்பது கடையும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் பக்கத்தில் வரவில்லை. அவளுக்காகவும் வரவில்லை, அவருக்காகவும் வரவில்லை. அந்த நேரம் ஹக்கீம் பாயின் ஆட்டோ வந்து நின்றது. பாய் இறங்கினார், நின்றவர்களைப் பார்த்தார், உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். வழக்கம்போல முதல் கட்டுமூட்டையைத் தூக்கிவந்து பேச்சாயியின் காலடியில் இறக்கினார்.

"அறுபது கட்டு இருக்கு தங்கச்சி. எண்ணிக்க."

கண்ணன் சற்று நேரம் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்கு எதுக்குண்ணே இந்தப் பஞ்சாயத்து, வேற எடம் பாருங்க" என்று நகர்ந்தார். பொன்னுத்துரை, "நாளைக்கும் வருவேன்" என்றார்.

"வாங்க. நானும் வருவேன்."

அன்றைக்கு வியாபாரம் பெரிதாக இல்லை. மெஸ் ஆனந்த்ராஜ் வரவில்லை. நாலைந்து பேர் அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். ஒரு டீச்சரம்மா நின்று நிதானமாக இரண்டுமுறை படித்துவிட்டு மூன்று கட்டு வாங்கினார். மாலதி பத்து மணிவரை தன் தொட்டியில் முக்கி முக்கி எடுத்தாள். பதினோரு மணிக்கு, பேச்சாயியின் பக்கம் திரும்பாமலே, தண்ணியைச் சாய்த்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தாள். உட்காரவில்லை. கவிழ்த்துவிட்டு வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றக் கடைகளில் தண்ணி காட்டும் சத்தம் சளக் சளக்கென்று கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

ஒரு மணிக்கெல்லாம் மல்லி கழுத்தைத் தொங்கப்போட்டது. மூன்று மணிக்குச் சாக்கோடு ஒட்டியது. பேச்சாயிக்கு உள்ளங்கை நமநமத்தது. பக்கத்துக் குழாயில் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை அள்ளித் தெளித்தால் போதும். கைகளை மடிக்குள் புதைத்துக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்கு, வேலை முடிந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஒரு பெண் நின்றாள். இத்தனை வருஷமாக அந்த நேரத்துக்கு அந்தக் கடையில் மல்லி வாங்குகிறவள். சாக்கைப் பார்த்தாள்.

"என்னக்கா, உங்க மல்லி படுத்திருச்சு?"

"ஆமாத்தா, படுத்திருச்சு" என்றாள் பேச்சாயி, தொட்டிமேல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி. "நான் குந்தியிருக்கேன்ல. எத்தனை கட்டு வேணும்?"